கனவை முகத்தில் தீட்டிப் படமெடுக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் விழித்ததும் கனவு மறந்துபோகிறது. ஷூட்டுக்கான கருவை எப்படிப் பிடிப்பது?

விழித்தவுடன் எழுந்து உட்காராதீர்கள். கைபேசியைத் திறந்து செய்தி பார்க்காதீர்கள். படுத்த நிலையிலேயே கடைசியாகக் கண்ட காட்சியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். தலைமாட்டில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். கதையை எழுத வேண்டாம், அது படத்துக்கு உதவாது. நான்கு விஷயங்களைக் குறித்தால் போதும்: எந்த நிறம் மேலோங்கி நின்றது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் பொருள் இயல்புக்கு மாறாக இருந்தது, நெஞ்சில் என்ன உணர்வு மிஞ்சியது. இரண்டு வாரம் இப்படிக் குறித்தால் கையில் பத்துக் கனவாவது சேரும். அவற்றில் ஒன்று படமாகத் தேறும்.

கனவு முழுவதையும் ஒரே படத்தில் கொண்டுவர முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம். இவ்வகை ஷூட்கள் தோற்கும் முதல் இடம் இதுதான். மேகம், நிலா, பட்டாம்பூச்சி, புகை, கிளிட்டர், சிறகு என எல்லாவற்றையும் ஒரே முகத்தில் கொட்டினால் அது கனவாகத் தெரியாது, மாறுவேடப் போட்டியாகத்தான் தெரியும். கனவில் பெரும்பாலானவை விழிப்பில் உள்ளபடியேதான் இருக்கின்றன. ஏதோ ஒரு விதி மட்டும் உடைந்திருக்கிறது. அந்த ஒன்று எது என்று கண்டுபிடியுங்கள். மீதி அனைத்தையும் நிஜம்போலத் தெளிவாக வையுங்கள்.

ஜெர்மனியில் பிறந்து அர்ஜென்டினாவில் குடியேறிய கிரேட்டே ஸ்டெர்ன், 1948 முதல் 1951 வரை ஒரு பெண்கள் பத்திரிகைக்காக வாசகிகள் எழுதி அனுப்பிய கனவுகளைப் படத்தொகுப்புகளாக ஆக்கினார். ஒரு படத்தில் மேசை விளக்கின் தண்டாக ஒரு பெண் நிற்கிறாள், விளக்கை நோக்கி ஓர் ஆணின் கை நீள்கிறது. அவ்வளவுதான். விளக்கும் நிஜம், கையும் நிஜம். அளவு மட்டும் மாறியிருக்கிறது. மூட் போர்டு (ஷூட்டின் சாயலைக் காட்டும் மாதிரிப் படங்களின் தொகுப்பு) தயாரிப்பதற்கு முன் அந்த வரிசையைப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் முடிவு செய்ய வேண்டியது மேக்கப்பையா, வெளிச்சத்தையா?

வெளிச்சத்தை. விளக்கின் முன் நிற ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத்தாள்) போடுவதாக இருந்தால் இது இன்னும் கறாரான விதி. சிவப்பு உதட்டுச்சாயம் சிவப்பு ஒளியை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. நீல ஜெல் ஒளியில் அதே உதடு கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். சிவப்பு ஜெல்லின் கீழோ உதடு வெளிறி, தோலோடு கலந்து காணாமல் போகும். இரண்டு மணி நேரம் பார்த்துப் பார்த்துத் தீட்டிய பச்சை இலைகள் மெஜந்தா ஒளியில் சேற்று நிறமாவதும் இதனால்தான்.

அதனால் ஷூட்டுக்கு முந்தைய நாளே, பூசப்போகும் ஒவ்வொரு நிறத்தையும் முன்கையில் ஒரு கோடாக இழுத்து, பயன்படுத்தப்போகும் விளக்கின் கீழ் ஒரு படம் எடுங்கள். மேக்கப் போடும் இடத்து விளக்கும் முக்கியம். எல்இடி என்றால் நிறத்துல்லிய எண் (CRI) 95-க்கு மேல் உள்ளதாக இருக்கட்டும். மஞ்சள் பல்பின் கீழ் போட்ட நீலம் எப்போதும் தேவைக்கு மேல் அடர்த்தியாகவே விழும்.

ஜெல் போட்டாலும் முக ஓவியத்தின் நிறங்கள் உண்மையாகத் தெரிய வேண்டுமென்றால், முகத்துக்கு வெள்ளை ஒளியைக் கொடுத்துவிட்டு, ஜெல்லைப் பின்னணிக்கும் கூந்தல் ஓரத்துக்கும் மட்டும் வையுங்கள்.

சருமத்தை எப்படித் தயார் செய்வது?

புதிய பெயிண்ட், பசை எதுவானாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்கு முன்பே மாடலின் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கத்திலோ தடவிச் சோதியுங்கள். சில ஐலேஷ் பசைகளில் லேடெக்ஸ் இருக்கிறது. ஒவ்வாமை உண்டா என்று வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும்.

அன்றைய தினம்: முகம் கழுவி, எண்ணெய்ப் பசையற்ற மாய்ஸ்சரைசர் மெல்லியதாகப் பூசி 10 நிமிடம் ஊற விடுங்கள். மேலே பிரைமர். ஃபிளாஷில் எடுப்பதானால் டைட்டானியம் டையாக்சைடு, துத்தநாக ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீனையும் சிலிக்கா பவுடரையும் தவிர்க்கவும். நேருக்கு நேர் அடிக்கும் ஃபிளாஷை இவை அப்படியே திருப்பி அனுப்பி, கண்ணுக்கடியில் மாவு அப்பியதுபோல வெள்ளைத் திட்டாகக் காட்டும். கண்ணாடியில் பார்த்தால் இது தெரியாது. மாடல் நாற்காலியைவிட்டு எழும் முன் கைபேசி ஃபிளாஷில் ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும்.

முகத்தில் மேகமும் வானமும் வரைவது எப்படி?

நீரில் குழைக்கும் ஃபேஸ் பெயிண்ட் இதற்கு ஏற்றது. எண்ணெய்ப் பசையான ஃபவுண்டேஷன் மேல் அது நிற்காது, திரண்டு முத்து முத்தாக விலகும். ஓவியம் வரும் இடத்தில் ஃபவுண்டேஷனைத் தவிர்த்துவிடுங்கள், அல்லது பவுடர் கொண்டு நன்றாக அமர்த்துங்கள்.

முதலில் வானம். ஈரம் பிழிந்த ஸ்பாஞ்சில் வெளிர்நீலத்தை எடுத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் போடுங்கள். தேய்த்தால் கீழ்ப்படை கிளம்பிவரும். நெற்றியில் அடர்த்தியாகவும் கன்னத்தை நோக்கி வெளிறியும் போனால் ஆழம் கிடைக்கும். ஒரு நிமிடம் கைவிசிறியால் காயவிட்டு அடுத்த படை.

மேகத்துக்கு ஸ்பாஞ்சின் ஓரத்தைக் கிழித்து ஒழுங்கற்றதாக ஆக்கிக்கொள்ளுங்கள். மேகத்தின் மேல்விளிம்பு உருண்டு திரண்டு தெளிவாக இருக்கும், அடிப்பகுதி தட்டையாகி மங்கிப்போகும். நாலாபுறமும் ஒரே மாதிரி உருண்டையாகப் போட்டால் பஞ்சு உருண்டை ஒட்டியதுபோல ஆகிவிடும். மூன்று நிறம் போதும்: அடியில் ஊதா கலந்த சாம்பல், நடுவில் நீலம் தொட்ட வெள்ளை, உச்சியில் தூய வெள்ளை. அந்தத் தூய வெள்ளையை விளக்கு வரும் பக்கத்தில் மட்டும் வையுங்கள். வரைந்த வெளிச்சமும் விழும் வெளிச்சமும் ஒரே திசையில் இருந்தால்தான், முகத்தில் மேகம் மிதக்கிறது என்று பார்ப்பவர் நம்புவார். வலப்பக்கம் வெள்ளை தீட்டிவிட்டு இடப்பக்கம் விளக்கு வைத்தால் அத்தனை உழைப்பும் வெறும் சாயமாகிவிடும்.

நட்சத்திரங்களுக்கு 0 அல்லது 00 எண் பிரஷ். பெயிண்ட் மைப் பதத்தில் இருக்க வேண்டும். மூன்று அளவுகளில், சில இடத்தில் கூட்டமாகவும் சில இடத்தில் தனித்தும் வையுங்கள். சம இடைவெளியில் வைத்தால் புள்ளி போட்ட துணிபோல் இருக்கும்.

வெடிப்பு எங்கே வரும்? சிரிக்கும்போது மடியும் மூக்கோரக் கோடு, கண்ணோரம், உதட்டின் மூலை. அந்த இடங்களில் ஒரே ஒரு மெல்லிய படையோடு நிறுத்துங்கள். வியர்வையும் கண்ணீரும் இந்தப் பெயிண்டைக் கரைக்கும், ஆகவே டிஷ்யூவால் ஒற்றலாம், துடைக்கக் கூடாது. ஆல்கஹாலில் குழைக்கும் பெயிண்ட் வியர்வைக்கு அசையாது. ஆனால் கண், உதடு அருகே அதைக் கொண்டுபோகவே கூடாது, அறையில் காற்றோட்டமும் வேண்டும்.

மாநிறத்திலும் கருமையான சருமத்திலும் பேஸ்டல் நிறங்கள் சாம்பல் பூசியதுபோலத் தெரிகின்றனவே?

பேஸ்டல் என்பது நிறத்தோடு நிறைய வெள்ளை சேர்ந்தது. மெல்லிய படையாகப் பூசும்போது அடியிலுள்ள தோலின் ஆழம் ஊடுருவித் தெரிந்து இரண்டும் கலக்கின்றன, சாம்பல் பிறக்கிறது. தீர்வு சருமத்தை வெளுப்பாக்குவது அல்ல. அது படத்தையும் கெடுக்கும், மாடலையும் அவமதிக்கும். அதே நிறக் குடும்பத்தின் செறிவான சாயலை முதலில் பூசுங்கள்: லாவெண்டருக்கு அடியில் அடர் ஊதா, வெளிர்நீலத்துக்கு அடியில் கோபால்ட் நீலம். அது காய்ந்ததும் பேஸ்டலை நடுப்பகுதியில் மட்டும் ஒற்றி, ஓரத்தில் செறிவு நிறம் எட்டிப்பார்க்கும்படி விடுங்கள். ஹைலைட்டருக்கு வெள்ளி வேண்டாம், பொன், செம்பு, வெண்கலம் பொருந்தும். கருமையான சருமத்தின் பளபளப்பே ஓர் ஒளிமூலம்தான். பக்கவாட்டில் பெரிய சாஃப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) வைத்தால் கன்ன எலும்பில் நீண்ட ஒளிப்பட்டை விழும். அதை மேட் பவுடர் போட்டு அணைத்துவிடாதீர்கள்.

எந்த கிளிட்டர் பாதுகாப்பானது?

அழகுசாதனத்துக்கென விற்கப்படுவது மட்டும். கைவினை கிளிட்டரில் கண்ணாடித் துகளோ உலோகமோ இருக்கலாம். அதன் கூர்முனை கருவிழியைக் கீறும். அழகுசாதன கிளிட்டரிலும் 0.2 மி.மீ. போன்ற நுண்ணிய அளவை எடுங்கள், டப்பாவில் ‘கண்ணருகே வேண்டாம்’ என்றிருந்தால் அதை மீறாதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர் அதைக் கழற்றிவிட வேண்டும். பல நியான் நிறமிகளும் கண்ணைச் சுற்றிப் பூச ஏற்றவை அல்ல.

நேரில் மின்னிய கிளிட்டர் படத்தில் வெறும் சாம்பல் பொடியாகத் தெரிகிறது. ஏன்?

விளக்கு மிகவும் மென்மையாக இருப்பதால். ‘கனவு’ என்றதும் எல்லோரும் பெரிய சாஃப்ட்பாக்ஸைத்தான் தேடுகிறார்கள். ஒவ்வொரு கிளிட்டர் துகளும் ஒரு குட்டிக் கண்ணாடி. எதிரே பெரிய வெள்ளைப் பரப்பு இருந்தால் பாதித் துகள்கள் அதையே பிரதிபலித்து ஒன்றோடொன்று இழையும், மினுக்கம் போய்விடும். சாஃப்ட்பாக்ஸை முதன்மை ஒளியாக வைத்துக்கொண்டு, மூடியில்லாத ஒரு சிறு ஃபிளாஷையோ டார்ச் அளவு எல்இடியையோ பக்கவாட்டில், தலைக்குச் சற்று மேலாக, முதன்மை ஒளியைவிட ஒரு ஸ்டாப் குறைவாக, அதாவது பாதி ஒளியில், வையுங்கள். துகள்கள் தனித்தனியே தெறிக்கும். மெட்டாலிக் ஐஷேடோ கறுத்துப்போனால் காரணம் வேறு: அது இருட்டறையைப் பிரதிபலிக்கிறது. அதன் எதிரே ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் உயிர் வந்துவிடும்.

முத்து, கல், பூவிதழ் எல்லாம் எதைக் கொண்டு ஒட்டுவது?

எடை குறைந்த கல்லுக்கு ஐலேஷ் பசை. பூசியதும் ஒட்டாதீர்கள், 30 வினாடி காத்திருந்து பிசுபிசுப்பு வந்தபின் வைத்தால் வழுக்காது. கனமானவற்றுக்கு நீர் சார்ந்த அக்ரிலிக் பசை, அதாவது புரோஸ்-எய்ட் வகை. வெள்ளையாக இருக்கும் அது நிறமற்றதாக மாறியபின் ஒட்ட வேண்டும். நகத்துக்கும் மரத்துக்கும் உள்ள உடனடிப் பசை தோலில் கூடவே கூடாது. உண்மையான பூவிதழ் விளக்குச் சூட்டில் அரை மணியில் சுருளத் தொடங்கும், கடைசியாக ஒட்டுங்கள், ஈரத்துணியில் மாற்று இதழ்கள் தயாராக இருக்கட்டும்.

கன்னத்தில் நிற்கும் கண்ணீர்த்துளி?

கிளிசரினைக் குச்சி நுனியால் வையுங்கள். தண்ணீர்போல வழியாது, காயாது. கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1930களின் தொடக்கத்தில் புகைப்படக் கலைஞர் மான் ரே எடுத்த புகழ்பெற்ற கண்ணீர்ப் படத்தில் இருப்பவை கண்ணாடி மணிகள். உருண்டை மாறாமல் இருப்பதே அந்தப் படத்தின் விசித்திரம். இன்றும் அது பலிக்கும்.

எந்த லென்ஸ், எந்த அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு)?

85 மி.மீ. அல்லது அதையொட்டிய போர்ட்ரெய்ட் லென்ஸ். கண் மேக்கப் மட்டும் நிறையும் படங்களுக்கு 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ.

கனவுக்காக எஃப் 1.8-இல் எடுக்க ஆசை வரும். கணக்கைப் பாருங்கள்: ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் நின்றால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 1.5 செ.மீ.தான். முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல், கன்னத்து மேகம் கரைசல். எஃப் 8-இல் அந்த ஆழம் 6 செ.மீ.க்கு மேல் வரும். ஆகவே ஓவியத்தைக் காட்ட எஃப் 8, மனநிலையைக் காட்ட எஃப் 2.8. இரண்டையும் எடுத்துவையுங்கள். மங்கலை முகத்தில் தேடுவதைவிடப் பின்னணியை மூன்று மீட்டர் தள்ளி வைப்பது நல்லது.

படம் முழுக்கப் பரவும் அந்த மென்மையான ஒளிர்வை கேமராவிலேயே பெறுவது எப்படி?

ஒளியைப் பரவச் செய்யும் பிளாக் மிஸ்ட் வகை ஃபில்டர் எளிய வழி. 1/8 வலு நெருக்கமான முகத்துக்குப் போதும், 1/4 வலுவில் மேக்கப் கோடுகள் இளகத் தொடங்கும். ஃபில்டர் இல்லையென்றால் மெல்லிய கறுப்பு ஸ்டாக்கிங் துணியை ஒரே அடுக்காக லென்ஸ் முன் இழுத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். கறுப்புத் துணி நிழலைக் காப்பாற்றும், வெள்ளைத் துணி நிழலையும் வெளிறச் செய்யும். அப்பர்ச்சரை எஃப் 4 அல்லது அதைவிட அகலமாகத் திறந்து வையுங்கள். குறுக்கினால் துணியின் வலைப்பின்னல் படத்தில் தெரியலாம்.

வாஸ்லின் தடவுவது பழைய வித்தை. லென்ஸில் நேரடியாக ஒருபோதும் வேண்டாம், விலை குறைந்த யுவி ஃபில்டரில் தடவுங்கள். நடுவே நாணய அளவு இடத்தைத் துடைத்து விட்டு, விரலை ஒரே திசையில் இழுத்தால் ஒளி அதற்குச் செங்குத்தாக இழுபடும். எதைச் செய்தாலும் சட்டகத்தில் ஒரு பிரகாசமான புள்ளி இருக்க வேண்டும், பின்னொளியோ மினுக்கமோ. பரவுவதற்கு ஒளியே இல்லையென்றால் ஃபில்டர் வெறுமனே மங்கலைத்தான் தரும்.

அந்திப் பொழுதை ஆழ்ந்த நீலமாக்கி, முகத்தை மட்டும் இயல்பாக வைக்க முடியுமா?

முடியும். ஒயிட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சமன் அமைப்பை) 3200 கெல்வினில் வையுங்கள், சுற்றுப்புறம் நீலமாகும். ஃபிளாஷில் முழு வலு ஆரஞ்சுத் திருத்த ஜெல் மாட்டுங்கள். அது 5500 கெல்வின் ஒளியை ஏறக்குறைய 3200-க்கு இறக்குவதால் ஃபிளாஷ் விழும் முகம் இயல்பான நிறத்தில் வரும். சுற்றுப்புறத்தை ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுங்கள். விதி உடைந்திருப்பது பின்னணியில், முகம் நிஜம். மேக்கப்பின் நிறமும் பிறழாது.

முகம் தெளிவாகவும் சுற்றிலும் ஒளிக்கோடுகளாகவும் வேண்டும்.

இருட்டறை, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் ஒரு வினாடி. மாடலுக்குப் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளிச் சீரியல் விளக்குகள். ஃபிளாஷ் முகத்தை உறையவைக்கும், மிச்ச நேரத்தில் கேமராவைச் சுழற்றினால் விளக்குகள் கோடாகும். கேமராவை அசைப்பதாக இருந்தால் ஃபிளாஷ் தொடக்கத்தில் வெடிக்கட்டும், அப்போதுதான் நீங்கள் பார்த்த சட்டகமே பதியும். மாடல் நகர்வதாக இருந்தால் இறுதியில் வெடிக்கும்படி மாற்றுங்கள், இழுவை அவர் பின்னால் விழும். முகத்தின் மேலும் கோடுகள் ஏறினால் அறை வெளிச்சம் முகத்தில் படுகிறது என்று பொருள், அதை மறையுங்கள்.

இரட்டைப் பதிவில், அதாவது இரண்டு காட்சிகளை ஒரே படத்தில் பதிக்கும்போது, மேக்கப் மறைந்துவிடுகிறதே?

வழக்கமான முறையில் வெள்ளைப் பின்னணி முன் முகத்தை நிழலுருவாக எடுத்து, அந்த இருட்டுக்குள் இரண்டாவது படத்தை நிரப்புவார்கள். அதில் மேக்கப்புக்கு இடமில்லை. தலைகீழாகச் செய்யுங்கள்: கறுப்புப் பின்னணி, முகத்தின் ஒரு பாதிக்கு மட்டும் ஒளி. இரண்டாவது பதிவில் கிளையையோ அலையையோ எடுத்தால் அது இருண்ட பாதியிலும் பின்னணியிலும் மட்டுமே நன்றாகத் தெரியும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் அதிகமானால் ஒவ்வொன்றையும் ஒரு ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள்.

மாடல் காற்றில் மிதப்பதுபோல எடுப்பது?

கேமராவை ட்ரைபாடில் பூட்டி, ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் மேனுவலில் நிறுத்துங்கள். முதலில் ஆளில்லாத வெற்றுச் சட்டகம். பிறகு மாடலை உயரம் குறைந்த, ஆடாத ஸ்டூலில் வயிறோ இடுப்போ படும்படி சாய்த்து எடுங்கள். எடிட்டிங்கில் இரண்டையும் அடுக்கி ஸ்டூலை அழித்துவிடலாம். காட்டிக்கொடுப்பவை மூன்று: ஸ்டூல் அழுத்திய இடத்தில் துணி தட்டையாக இருப்பது, கூந்தல் அசையாமல் தொங்குவது, தரையில் ஸ்டூலின் நிழல். துணியையும் கூந்தலையும் உதவியாளர் வீசிப்போடும் தனிப் படங்களை எடுத்துச் சேர்த்துவிடுங்கள். ஸ்டூலை மறைக்கும்படி துணியை முன்பக்கம் தொங்கவிட்டால் பாதி வேலை மிச்சம். புகைப்படக் கலைஞர் பிலிப் ஹால்ஸ்மேன் 1948-இல் ஓவியர் டாலியையும் பூனைகளையும் நீரையும் அந்தரத்தில் நிறுத்திய படத்துக்கு 28 முறை முயன்றார். நீங்களும் ஒரே வீச்சில் துணி சரியாக விழும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

புகை எப்படி? உலர் பனிக்கட்டி நல்லதா?

தரையோடு தவழும் புகைக்கு அதுதான் சிறந்தது, ஆபத்தும் அதில்தான். அதன் வெப்பநிலை -78.5 டிகிரி செல்சியஸ். வெறுங்கையால் தொடக் கூடாது, மூடிய பாத்திரத்தில் அடைத்தால் வெடிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம்: அதிலிருந்து வருவது கரியமில வாயு, காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். கனவு ஷூட் என்றாலே மாடலைத் தரையில் கண்மூடிப் படுக்கவைக்கத் தோன்றும். உலர் பனிக்கட்டிப் புகையில் யாரையும் படுக்கவைக்காதீர்கள். மூச்சுத்திணறல் வரும். படுக்கும் காட்சிக்கு ஃபாக் மெஷின் போதும். புகை விட்டு இரண்டு நிமிடம் கலைய விட்டு, விளக்கைப் பின்னாலிருந்து போட்டால்தான் புகை தெரியும். தரை வழுக்கும், கவனம்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

சருமத்துக்கு 15 நிமிடம், அடிப்படை மேக்கப் 30, ஓவியம் 60 முதல் 90, ஒட்டு அலங்காரம் 20. கூந்தலும், கழுத்து வழியே மாட்டும் உடையும் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். விளக்கு அமைப்பை வேறொருவரை நிறுத்தி முன்கூட்டியே சரிபாருங்கள். மாடல் வந்து நின்ற முதல் 40 நிமிடம்தான் மேக்கப்பின் பொற்காலம், அதில் ஜெல் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

கைபேசியில் எடுக்கலாமா?

தாராளமாக. 2x அல்லது 3x லென்ஸில் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நில்லுங்கள், அருகில் போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். பியூட்டி ஃபில்டரை அணையுங்கள், அது நட்சத்திரப் புள்ளிகளை மருவென்று எண்ணி அழிக்கும். போர்ட்ரெய்ட் மோட் கண்ணிமை மயிரையும் ஒட்டிய இதழ்களையும் வெட்டிவிடும்.

எடிட்டிங் எந்த அளவு?

புகைப்படக் கலைஞர் மைக்கேல் ஆர்டன் 1980களில் ஒரு தெளிவான ஸ்லைடையும் ஒரு மங்கலான ஸ்லைடையும் ஒட்டிவைத்துப் பார்த்தார். இன்று அதையே எடிட்டிங் மென்பொருளின் லேயரில் (அடுக்கில்) செய்கிறோம்: படத்தை நகலெடுத்து, 15 முதல் 30 பிக்சல் காஸியன் பிளர் கொடுத்து, ஸ்கிரீன் முறையில் 20 முதல் 30 சதவீதம் வையுங்கள். பிறகு கண்களின் மேலும் ஓவிய விளிம்புகளின் மேலும் அந்த லேயரை மாஸ்க் செய்து மறைத்துவிடுங்கள். தோலின் துளைகளை விட்டுவையுங்கள். தோல் நிஜமாக இருக்கும்போதுதான் அதன்மேல் உள்ள மேகம் அதிசயமாகிறது.

எல்லாம் முடிந்ததும் எப்படிக் கலைப்பது?

கற்களை இழுக்காதீர்கள், பசைக்குரிய ரிமூவரையோ எண்ணெயையோ பஞ்சில் நனைத்து ஓரத்தில் ஒரு நிமிடம் வைத்தால் தானே கழன்றுவரும். அடுத்து கிளிட்டர்: மென்மையான ஒட்டுநாடாவால் ஒற்றி எடுங்கள், கண்களை மூடியபடி. அதன் பிறகே எண்ணெய் கிளென்சர். வரிசையை மாற்றினால் கிளிட்டர் எண்ணெயோடு கண்ணுக்குள் இறங்கும். நீர்ப் பெயிண்ட் சோப்பு நுரையில் போய்விடும். நீலமும் பச்சையும் ஓர் இரவு தோலில் சாயமாகத் தங்கக்கூடும், அதற்காக அழுத்தித் தேய்க்க வேண்டாம், மாய்ஸ்சரைசர் பூசி விட்டுவிடுங்கள்.